விரலுக்குத் தகுந்த வீக்கம்

நாவல்களைப் பற்றி எழுத வேண்டியவன் கீபோர்டைப் பற்றி எழுதலாமா என்று சில வாசகர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். பேனாவைப் பற்றி எழுதினால் கோபிக்கமாட்டார்கள். இன்று என் பேனா அதுதான்.

தருமபுரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு டி.டி.பி. கடை இருக்கிறது. என் அத்தியாயங்களைத் தாளில் எடுத்துக்கொள்ள அங்கேதான் போவேன். மனு, ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் அங்கே தட்டித் தருகிறவள் ஒரு பெண். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. போன மாதம் அவள் விரல்களைச் சொடுக்கிக்கொண்டே கேட்டாள்: "சார், மூவாயிரம் சேத்து வெச்சிருக்கேன். மெக்கானிக்கல்னு சொல்றாங்களே, அது வாங்கலாங்களா? இல்ல இந்த ஐந்நூறு ரூபாயே போதுங்களா?"

உடனே பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மூவாயிரம் என்பது அவளுக்குப் பல நாள் உழைப்பு. வீட்டுக்கு வந்து இந்தச் சாமான்களைப் பற்றி எழுதப்பட்ட மதிப்புரைகளை வரிசையாகப் படித்தேன். எத்தனை வர்ணத்தில் விளக்கு எரிகிறது, தட்டினால் சத்தம் எப்படி இனிக்கிறது என்றே பக்கம் பக்கமாக இருக்கிறது. அட்டைப் படத்தைப் பார்த்து நாவலுக்கு விமர்சனம் எழுதுகிற ஜாதி இது. சாயங்காலம் ஐந்து மணிக்கு விரல் என்ன ஆகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். சாதாரணக் கீபோர்டில் எல்லா விசைக்கும் அடியில் ரப்பர்த் தகடு. அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங்கும் தனி ஸ்விட்சும் உண்டு. நாலு மில்லிமீட்டர் இறங்கக்கூடிய விசை ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டரிலேயே எழுத்தைப் போட்டுவிடும். ஜெர்மனியின் செர்ரி கம்பெனி 1980களில் கொண்டுவந்த எம்.எக்ஸ். ஸ்விட்சுதான் இதற்கெல்லாம் மூதாதை. காப்புரிமை தீர்ந்த பிறகு சீனக் கம்பெனிகள் அதே அமைப்பில் செய்யத் தொடங்கின. அதனால்தான் நம்மைப் போன்றவர்களுக்கும் கை எட்டுகிற விலை வந்தது. சிவப்பு ஸ்விட்ச் வழுக்கிக்கொண்டு இறங்கும். பழுப்பில் நடுவில் ஒரு சின்னத் தடை தட்டுப்படும். நீலத்தில் தடையோடு 'டிக்' என்று ஓசையும் வரும்.

அந்தப் பெண் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்தவள். யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தமிழ் எழுத்துக்களைத் தட்டச்சு யந்திரத்துக்குள் அடக்கிய சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம். தமிழ் யந்திரத்தில் புள்ளியைத் தட்டினால் வண்டி நகராமல் நிற்கும்; அதனடியில் எழுத்து வந்து உட்கார்ந்த பிறகுதான் நகரும். கோத்ரெஜ் கம்பெனி 2009இல் யந்திரம் செய்வதை நிறுத்திவிட்டது. ஆனால் அதில் பழகிய விரல் ஓங்கி அடிக்கும் குணத்தை விடவில்லை. ரப்பர்ப் பலகையிலும் அப்படியே அடித்தால் வலிக்காமல் என்ன செய்யும்? 'போதும், எழுத்து விழுந்துவிட்டது' என்று விரலுக்கு யாராவது சொல்ல வேண்டும். நீல ஸ்விட்சின் 'டிக்' அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே அந்தச் சத்தத்தை ஆடம்பரம் என்று நான் தள்ளமாட்டேன். குழந்தை தூங்குகிற அறையில் இரவில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் அது ஆகாது. அவர்கள் பழுப்பை வாங்கட்டும்.

விலைக்கு வருவோம். கையில் ஆயிரம்தான் என்றால் நல்ல ரப்பர்ப் பலகையே மேல். 'மெக்கானிக்கல் ஃபீல்' என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறார்களே, அதன் பக்கம் போகவேண்டாம். அடியில் அதே ரப்பர்தான். நானே ஒன்று வாங்கி ஏமாந்தேன். ஏழாம் மாதம் 'ப' எழும்ப மறுத்தது. என் கதாநாயகி பார்வதி ஓர் அத்தியாயம் முழுவதும் 'ஆர்வதி'யாக நடமாடினாள். இரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் உண்மையான ஸ்விட்ச் கிடைக்கிறது, ஆனால் அந்தக் காசில் பாதி விளக்குக்குப் போகிறது. பல பலகைகளில் வலப்பக்கத்து எண் கட்டத்தையே வெட்டிவிடுகிறார்கள். பட்டா எண்ணும் சர்வே எண்ணும் நாள் முழுவதும் தட்டுகிறவளுக்கு அது கையை வெட்டுவதற்குச் சமம். மூவாயிரத்துக்குப் பக்கத்தில் டி.வி.எஸ். கோல்டு இருக்கிறது. அழகு கிடையாது, விளக்கு கிடையாது, சத்தமோ ஊருக்கே கேட்கும். எண் கட்டம் முழுசாக உண்டு. ஒரு ஸ்விட்ச் கெட்டால், பற்றவைக்கத் தெரிந்த ரேடியோ ரிப்பேர்க்காரர் மாற்றித் தந்துவிடுவார். எட்டாயிரம், பத்தாயிரத்துப் பலகைகளும் உண்டு. கனமான உலோகச் சட்டமும் மெருகும் அழகுதான், மறுக்கவில்லை. அந்தக் காசு விரலைப் போய்ச் சேருவதில்லை.

தமிழ் எழுத்து அச்சிட்ட விசைகளுக்கென்று தனியாகச் செலவழிப்பதும் வீண். எழுத்து எங்கே என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது, பலகை அல்ல. ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டித் தமிழ் அடிக்கிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. 'தங்கம்' என்பதற்கு அவர்கள் ஏழு தடவை தட்டுகிறார்கள். 1999இல் அரசாங்கம் அங்கீகரித்த தமிழ்99 முறையில் ஐந்தே தட்டு. 'ங'வுக்குப் பின் 'க' வந்தால் புள்ளி தானாக விழுந்துவிடும். இந்த லாபத்துக்குப் பைசா செலவில்லை.

அந்தப் பெண்ணிடம் கோல்டைத்தான் சொன்னேன். வாங்கிவிட்டாள். சத்தத்துக்குக் கடைக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தாராம். பிறகு, கடையிலேயே வைத்துவிட்டுப் போ என்கிறாராம். அவள் கேட்பதாயில்லை. தினமும் ராத்திரி அதை ஒரு மஞ்சள் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.