அந்நியச் சாவியும் சுட்டியும்: ஒரு மறுநோக்கு

தொடர்புசார் தரவுத்தளக் கோட்பாட்டின் தோற்றுவாய் எட்கர் கொட் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையே என்பது துறையறிந்தோர் ஒப்புக்கொண்டதாகும். ஆயின், அக்கட்டுரையிலிருந்து பெறப்படும் ஓர் அடிப்படை வேறுபாடு நடைமுறையில் இன்றும் மங்கியே காணப்படுகிறது. அந்நியச் சாவி தரவுகளுக்கிடையிலான உறவைக் கூறுவது. இன்டெக்ஸ் எனப்படும் சுட்டியோ, நூலிறுதிச் சொல்லடைவு போன்று, தேடலை விரைவுபடுத்துவது. சுட்டிகளை ஆக்கினும் அழிப்பினும் செய்நிரல்கள் பாதிப்புறலாகாது என்பது கொட்டின் நிலைப்பாடு.

பல்கலைக்கழகமொன்றின் பரீட்சைத் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். மாணவர் அட்டவணையில் பதிவிலக்கம் முதன்மைச் சாவி. பெறுபேற்று அட்டவணையில் அதுவே அந்நியச் சாவி. இவ்வாறு அமையுமிடத்து, இல்லாத இலக்கமொன்றுக்குப் புள்ளி பதிய முடியாது. ஒரு மாணவரின் இலக்கத்துக்குப் பதிலாக இன்னொருவரின் இலக்கம் பதியப்படின் சாவி அதனைக் கண்டறியாது என்பது உண்மையே. எனினும், சாவியே இல்லாவிடத்து எவருக்கும் உரித்தல்லாத புள்ளிகள் எவ்வித எச்சரிக்கையுமின்றித் தங்கிவிடும். அதனால் நட்டமடைபவர் மாணவரே.

இச்சரிபார்ப்பைச் செய்நிரலே மேற்கொள்ளும் எனச் சிலர் வாதிடுவர். ஒருவர் மாணவர் பதிவை நீக்கும் அதே கணத்தில் மற்றொருவர் அவருக்குப் புள்ளி பதியலாம். இருவரது சரிபார்ப்பும் தனித்தனியே சரியாக முடிந்திருக்க, உறவு மட்டும் அறுந்திருக்கும். மைஎஸ்கியூஎல்லின் மைஐசாம் அமைப்பு அந்நியச் சாவி அறிவிப்பை ஏற்றும் அதனை நடைமுறைப்படுத்தவில்லை. 2010இல் வெளியான 5.5ஆம் பதிப்பிலேயே, அதனை நடைமுறைப்படுத்தும் இன்னோடிபி இயல்பு அமைப்பாயிற்று. அதுவரை பலருக்கு அச்சாவி ஏட்டிலிருந்தும் செயற்படாத சட்டமாகவே இருந்தது.

சாவி வேகத்தைக் குறைக்கிறது என்ற முறைப்பாட்டையும் நாம் முற்றாக ஒதுக்கவில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல், அந்நியச் சாவி நிரலுக்குத் தானாகச் சுட்டி அமைப்பதில்லை. ஆதலின் ஒரு மாணவர் பதிவை நீக்கும்போது பெறுபேற்று அட்டவணை முழுவதையுமே துருவ நேரலாம். இன்னோடிபியோ அச்சுட்டியைத் தானே அமைக்கிறது. ஆகவே, தாமதத்துக்குப் பரிகாரம் வேண்டிய சுட்டியை அமைப்பதேயன்றிச் சாவியைக் களைவதன்று. அதற்காக எல்லா நிரல்களுக்கும் சுட்டி அமைப்பதும் பொருந்தாது; புதிய பதிவு ஒவ்வொன்றின்போதும் அத்தனை சுட்டிகளையும் புதுப்பிக்க வேண்டிவரும்.

எந்தச் சுட்டி வேண்டும் என்பதை வழக்கமான தேடல்களை அளந்தே தீர்மானித்தல் தகும். அது காலந்தோறும் மாறலாம். பெறுபேறு ஒரு மாணவருக்கே உரியது என்ற உறவோ அவ்வாறு மாறுவதன்று. அதனை வேகத்துக்காக விட்டுக்கொடுத்தல் கொட் முன்வைத்த கோட்பாட்டுக்கே முரணானது என்பது எமது முடிபாகும்.