ஐந்தாம் பீரியடில் ஷைலாக்

பள்ளிக்கூடத்து நண்பர்கள் கூடிப் பழைய பாடங்களைப் பேசத் தொடங்கினால், செய்யுளும் இலக்கணமும் மறந்த பிறகும் நாடகப் பாடங்கள் மட்டும் ஆளுக்கொரு குரலில் திரும்பி வருகின்றன. எந்த நாடகம், யார் எந்தப் பாத்திரம் என்பதுவரை நினைவிருக்கிறது. குரல் கொடுத்துப் படித்ததுதான் காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஆங்கில நாடகம் நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நான்-டீட்டெயில் வழியாகவே வந்தது. சார்லஸ் லாம்பும் அவருடைய அக்கா மேரியும் 1807இல் சிறுவர்களுக்காகக் கதையாக்கிய ஷேக்ஸ்பியர். வசனம் பெரும்பாலும் கதைக்குள் கரைந்துவிட்ட புத்தகம். ஆனாலும் வெனிஸ் நகர வணிகனின் நீதிமன்றக் காட்சியை எங்கள் வகுப்பு கதையாக விட்டுவைக்கவில்லை. எங்களுடையது ஆண்கள் பள்ளி. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைச் சட்டப் புத்தகமாக ஏந்திக்கொண்டு ஒருவன் போர்ஷியாவாக நின்றான். ஷேக்ஸ்பியர் காலத்திலும் பெண் வேடங்களைப் பையன்களே கட்டினார்கள் என்பதால், அவன் மரபு வழுவாத போர்ஷியா! ஷைலாக்காக வந்தவன் மர ஸ்கேலை எடுத்துச் செருப்பின் அடியில் நிதானமாகத் தீட்டினான். வகுப்பே சிரித்தது. பின்னாளில் மூல நாடகத்தைப் படித்தபோது, ஷைலாக் அங்கேயும் தன் காலணியில்தான் கத்தி தீட்டுகிறான் என்று கண்டேன். அந்தப் பையனுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தமிழ்ப் பாடத்தில் அந்த இடம் மனோன்மணீயத்துக்கு உரியது. திருவனந்தபுரத்துப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி 1891இல் வெளியிட்ட செய்யுள் நாடகம் அது. ஐந்து அங்கங்கள். காலைக் கூட்டத்தில் அன்றாடம் பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்து இந்த நாடகத்தின் பாயிரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது, பாடம் நடத்தும்போதுதான் பலருக்குத் தெரியவரும். படிப்பதற்கென்றே எழுதிய நாடகம், மேடைக்கு ஏறாது என்று சொல்வார்கள். நான் உடன்படவில்லை. அரசன் ஜீவகனிடம் அமைச்சன் குடிலன் பேசும் நயவஞ்சகப் பேச்சைக் கெட்டிக்காரப் பையன் ஒருவன் வாய்விட்டுப் படித்தால் வகுப்பு அடங்கிவிடும். நடராசன் தனியே நின்று நாங்கூழ்ப் புழுவை உழவனாகக் கண்டு வியக்கும் பகுதி இன்னும் அருமை. மண்புழு மண்ணைப் பண்படுத்துவது பற்றி டார்வின் நூல் வெளியிட்டது 1881இல். பத்தே ஆண்டில் தமிழ் நாடகப் பாத்திரம் ஒன்று அதே புழுவைப் புகழ்கிறது. அந்தப் பாடம் முடிந்த மழைநாளில் நாங்கள் மைதானத்தில் குனிந்து புழுத் தேடியிருக்கிறோம்.

அதே 1891இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஹாம்லெட்டை அமலாதித்யன் என்றும் மாக்பெத்தை மகபதி என்றும் பெயர் மாற்றித் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். ஈழத்து விபுலாநந்தரின் 'மதங்க சூளாமணி' 1926இல் வந்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்த நூல். இவ்விரண்டு பெயர்களும் நம் பாடநூல்களில் ஆசிரியர் குறிப்போடு நின்றுவிடுவது பெருங்குறை. ஷேக்ஸ்பியரைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்கும் வேலையைச் சினிமா கொஞ்சம் செய்தது: 'இரத்தத் திலகம்' (1963) படத்தில் ஒதெல்லோவாகவும், 'சொர்க்கம்' (1970) படத்தில் சீசராகவும் சிவாஜியைப் பார்த்த பிறகு மாறுவேடப் போட்டிக்குப் போர்வை போர்த்தி வந்த சீசர்கள் எத்தனை பேர்!

இலங்கையில் நாடகமும் அரங்கியலும் பொதுத் தேர்வுக்கே உரிய தனிப்பாடம். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'கூடி விளையாடு பாப்பா' போன்றவை சிறுவர்கள் நடிப்பதற்கென்றே எழுதப்பட்டன. தமிழ்நாட்டிலோ நாடகம் பெரும்பாலும் இடஞ்சுட்டிப் பொருள் விளக்கும் வினாவாகவே முடிந்துபோகிறது.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாடகப் பாடத்தின் முதல் பீரியடில் உரைநூலைத் திறக்காதீர்கள். பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். குடிலனைக் கடைசி பெஞ்சுக்கே கொடுங்கள்.