விரல் உயர்த்திய காந்தியார்

பணத்தாளிலும் அலுவலகச் சுவரிலும் நாட்காட்டியிலும் நாம் நாள்தோறும் காணும் காந்தியார் பேசுவதில்லை. புன்னகை புரிவார், மாலையை ஏற்பார், அவ்வளவே. தலைக்குப் பின்னே ஒளிவட்டம் தீட்டி, அவரை அவதார வரிசையிலே நிறுத்திவிட்ட படங்களும் உண்டு. அவதாரத்தோடு எவர் வாதாட முடியும்? கும்பிடலாம், அல்லது கும்பிடாமல் போகலாம்!

வாதாடும் காந்தியாரைத் தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அதைக் கண்டவர் மிகச் சிலர். 2025ஆம் ஆண்டு இலண்டன் பான்ஹாம்ஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு அது வந்தபோதுதான் உலகம் அதனைத் திரும்பிப் பார்த்தது. நாம் கண்டதும் அச்சில் வந்த படிவத்தையே.

தீட்டியவர் கிளேர் லெய்ட்டன் எனும் ஆங்கிலப் பெண்மணி. மரச்செதுக்குக் கலையிலே பேர் பெற்றவர். 1931இல் இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்காகக் காந்தியார் இலண்டன் சென்றிருந்தார். இந்திய விடுதலைக்குப் பரிந்தெழுதிய பத்திரிகையாளர் பிரெயில்ஸ்போர்டு, லெய்ட்டனின் வாழ்க்கைத் துணைவர். அவர் வழியாகக் காந்தியாரின் அறைக்குள் இடம் கிடைத்தது. பல காலை வேளைகள் எதிரே அமர்ந்து வரைந்தார். எண்ணெய் வண்ணத்தில் காந்தியார் நேரில் அமர்ந்து வரையப்பட்ட ஓவியம் இஃதொன்றே என்று கருதப்படுகிறது. அவ்வாண்டு நவம்பரில் ஆல்பனி கலைக்கூடத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. பார்த்த நண்பர்கள் பலரும் நல்ல சாயல் என்று பாராட்டியதாகக் காந்தியாரின் செயலாளர் மகாதேவ தேசாய் ஓவியருக்குக் கடிதம் எழுதினார்.

படத்திலே என்ன இருக்கிறது? போர்வை போர்த்திய ஒரு மனிதர். வெறுந்தலை. இதழ்கள் சற்றே பிரிந்திருக்கின்றன. ஒரு விரல் உயர்ந்திருக்கிறது. பேச்சின் நடுவிலே பிடிபட்ட மனிதர்! ஆசி வழங்கும் கை அன்று அது. ‘நான் சொல்வதைக் கேளுங்கள்’ என்று வற்புறுத்தும் கை. மரத்தைச் செதுக்கிப் பழகியவர்க்குத் தேவையற்றதை விட்டுவிடத் தெரியும். லெய்ட்டன் ஒளிவட்டத்தை விட்டுவிட்டார். இந்த ஓவியத்தின் பெருமை அதுவே என்போம்.

அந்த விரலோடு நமக்கு வழக்கு உண்டு. ஓவியம் காட்சிக்கு வந்த அதே நவம்பரில், 13ஆம் நாள், தீண்டப்படாதார்க்குத் தனித்தொகுதி தருவதை உயிரைக் கொடுத்தும் எதிர்ப்பேன் என்று காந்தியார் மாநாட்டிலே முழங்கினார். அவ்வுரிமையைக் கேட்டவர்களோ, அம்மாநாட்டுக்கே சென்றிருந்த அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும். அவ்வளவு தொலைவு போவானேன்? மேலப்பாளையத்திலிருந்து தாமிரபரணிக் கரையோடு மேற்கே சென்றால் சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி போட்ட ஊர். 1925இல் காந்தியார் அதற்குச் சமரசம் சொன்னார்: இருக்கிற சிறுவர்க்கு விட்டுக்கொடுங்கள், இனிச் சேர்வோர்க்குச் சமபந்தி என்று. பசித்த சிறுவனின் இலைக்கு முன்னே சமரசமா? அவ்வாண்டு நவம்பரிலேயே காஞ்சிபுரத்தில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார்.

ஆயினும் அந்தப் பெரியார்தான், 1948இல் காந்தியார் சுடப்பட்டபோது, இந்நாட்டுக்கே காந்தியின் பெயரைச் சூட்டலாம் என்றார். எதிர்ப்பது வேறு, கொல்வது வேறு.

கொலைவெறி அந்த ஓவியத்தையும் விடவில்லை. லெய்ட்டன் 1939இல் அமெரிக்கா சென்று குடியேறினார். ஓவியம் அவரிடமே இருந்தது. 1970களின் தொடக்கத்தில் இந்து மத வெறியர் ஒருவர் அதனைக் கத்தியால் கிழித்தார் என்று குடும்பத்தார் கூறுகின்றனர். 1974இல் லைமன் ஆலின் அருங்காட்சியகத்தின் கூடத்தில் அது செப்பனிடப்பட்டது; ஓவியத்தின் பின்னுள்ள சீட்டு அதற்குச் சான்று. 1978இல் பாஸ்டன் பொது நூலகத்தில் ஒருமுறை காட்சி. 1989இல் லெய்ட்டன் மறைவு. பிறகு குடும்பத்தார் கைக்கு. ஓவியத்தின் உடைமை வரலாறு இவ்வளவே.

வெறுங்கண்ணுக்குக் கீறல் தெரியாதாம். புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் முகத்தின் குறுக்கே நிழல் போல ஓடுகிறதாம் அந்த வெட்டு. ஓவியத் துணியும் பாவும் ஊடுமாய் நெய்ததுதானே! எங்களூர்க் கைலி நெசவாளரைக் கேளுங்கள். அறுந்த இழையை எத்தனை நேர்த்தியாக முடிந்தாலும், தடவிப் பார்க்கும் விரலுக்கு முடிச்சு தெரியும் என்பார். ஒளிவட்டக் காந்தியை வணங்குகிறவனுக்கும் கத்தியோடு வந்தவனுக்கும் ஓர் ஒற்றுமை: பேசிக்கொண்டிருக்கும் மனிதரோடு பேச இருவருமே ஆயத்தமில்லை.

2025 ஜூலை 15இல் ஏலம் முடிந்தது. ஐம்பதாயிரம் முதல் எழுபதாயிரம் பவுன் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 1,52,800 பவுனுக்குப் போயிற்று. வாங்கியவர் பெயர் வெளிவரவில்லை. அவர் எவராயினும், ஒரு வேண்டுகோள். இன்னுமொரு வீட்டுச் சுவரில் அதை மறைத்துவிடாமல் பொதுக்கூடம் ஒன்றிலே மாட்டட்டும். மாலை வேண்டாம். புற ஊதா ஒளியில் எடுத்த படத்தைப் பக்கத்திலே வைக்கட்டும். சேரன்மாதேவியிலிருந்து போகிற ஓர் இளைஞனும் அதன் முன்னே நின்று, அந்த விரலுக்குத் தன் மறுமொழியைச் சொல்லிவிட்டு வரட்டும்.