பொன்னுக்குக் கீழே

பொம்மிடிப் பக்கத்தில் பழைய சித்திர வேலை பார்க்க ஆசைப்படுபவர்களை அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலுக்குத்தான் அனுப்புவேன். மண்டபத்தில் நின்று அண்ணாந்தால் விதானத்தில் ராமாயணமும் பாரதமும். வருகிறவர்கள் ராமன் எங்கே, அர்ச்சுனன் எங்கே என்று தேடுவார்கள். எனக்கு வண்ணம் உதிர்ந்த இடங்கள்மேல்தான் கண். வெறுங்கல் வண்ணத்தைத் தாங்காது. பூசிய சாந்துதான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

சுவருக்குச் சாந்து என்றால் பலகைக்கு மக்கு. தஞ்சாவூர்ப் படத்தின் உயிரே அதில்தான் என்பது என் கட்சி. அந்தக் காலத்தில் பலாப்பலகை, இப்போது பிளைவுட். அதன்மேல் துணியை ஒட்டி, சுக்கான் மாவைப் பிசினில் குழைத்த மக்கைப் பூசி, காய்ந்ததும் வழவழப்பாகத் தேய்க்கிறார்கள். துணி எதற்கு? மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அந்த அசைவு அப்படியே மேலே ஏறினால் விரிசல்தான்.

நகை, தூண், மண்டப வளைவு வரும் இடங்களில் மக்கைக் கெட்டியாகக் குழைத்துப் புடைப்பு எழுப்புவார்கள். தூரிகை நுனியிலிருந்து இறங்கும் சொட்டு பரவி ஓடக்கூடாது, கூராக நீட்டிக்கொண்டும் நிற்கக்கூடாது. முத்தாகக் குவிய வேண்டும். பிசின் கூடினால் காயும்போது இழுத்து வெடிக்கும். குறைந்தால் தொட்ட விரலில் மாவு ஒட்டும். ஒரே தடவையில் கனமாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை. அதன்மேல்தான் தங்கத் தகடு. தட்டையாக ஒட்டிய தங்கம் ஒரே பக்கம் பளீரென்று அடித்துவிட்டு அணைந்துவிடும். புடைப்பில் படிந்த தங்கம் எங்கிருந்து பார்த்தாலும் ஏதோ ஓரத்தில் ஒளியைப் பிடிக்கும். பூஜை அறையில் விளக்குச் சுடர் அசையும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இத்தாலியர்கள் ஓவியப் பலகைக்குப் பூசிய ஜெஸ்ஸோவும் இதற்குப் பங்காளிதான். 1400-ஐ ஒட்டி ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிய கையேடு, சுட்ட ஜிப்சத்தை ஒரு மாதம் தண்ணீரில் போட்டு, இறுகும் குணம் போகும்வரை தினமும் கிளறச் சொல்கிறது. பிறகு தோல் பசையில் குழைத்து எட்டுப் பூச்சு. நம்மவர்களுக்குச் சளைக்காத பொறுமை!

இப்போது கடையில் டப்பாவில் கிடைப்பது 1950-களில் வந்த அக்ரிலிக் ஜெஸ்ஸோ. கேன்வாஸுக்கு அதுவே சரி. துணி வளைந்தால் கூடவே வளையும், பிசின் மக்கு அங்கே நொறுங்கிப்போகும். பலகைக்கு அக்ரிலிக்கை நான் சிபாரிசு செய்யமாட்டேன். உப்புத்தாள் போட்டால் ரப்பர் மாதிரி இழுக்கும். நன்றாகத் தேய்த்த சுக்கான் மாவின் வழவழப்பு அதில் வராது.

தஞ்சாவூர்ப் படம் வாங்கப் போனால் நேரே நின்று மயங்காதீர்கள். சன்னலோரம் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் சாய்த்து, புடைப்பின் விளிம்பில் முடி விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எண்ணுங்கள்.