டிக்கிக்குப் போகும் பேட்டரி: ஆதாயம் சிறிது, பொறுப்பு பெரிது

பானட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியைக் கழற்றி டிக்கியில் வைப்பது, பந்தயக் கார்களிலிருந்து சாலைக் கார்களுக்கு வந்த பழக்கம். “கார் கம்பெனிகளே அப்படித்தானே வைக்கின்றன?” என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். 1959இல் வந்த முதல் மினி, 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கார்கள் பல என்று உதாரணங்களும் உண்டு. ஆனால் பேட்டரியின் இடத்தை மட்டும் பார்த்து இந்த மாற்றத்தை எடைபோட முடியாது. அங்கிருந்து எஞ்சின் வரை ஓடும் நீளமான கேபிளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் ஆதாயங்கள். 1,000 கிலோ காரில் முன் ஆக்சில் 600 கிலோ சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 கிலோ பேட்டரியை முன் ஆக்சிலுக்கு மேலிருந்து பின் ஆக்சிலுக்கு மேல் கொண்டுபோனால், முன்பாரம் 60 சதவீதத்திலிருந்து 58.5 ஆகும். பின்சக்கரங்கள் உந்தும் டிராக் (drag) பந்தயக் காருக்கு இது உதவும். கிளம்பும்போது பின் டயர்களின் பிடி கூடும். எஞ்சின் சூட்டிலிருந்து விலகுவதும் நல்லதே. ஈய-அமில பேட்டரியின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. பெரிய எஞ்சினோ டர்போவோ பொருத்துகிறவர்களுக்கு முன்னால் இடமும் கிடைக்கும்.

இந்த ஆதாயங்கள் எல்லாக் காருக்கும் பொருந்துவதில்லை. நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. அவற்றில் முன்பாரத்தைக் குறைத்தால், இழுக்கும் சக்கரங்களின் பிடிதான் குறையும். காரின் மொத்த எடையும் கூடுகிறது. 50 சதுர மில்லிமீட்டர் கேபிள் ஐந்து மீட்டர் போட்டால் அதன் செம்பு மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல்.

கேபிளில் காசை மிச்சம் பிடித்தால் நஷ்டம் வேறு வழியில் வரும். ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது அந்தத் தடித்த கேபிளில் ஏறக்குறைய 0.35 வோல்ட் குறையும். அதே நீளத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் இழப்பு ஒரு வோல்ட்டைத் தாண்டும். பெயின்ட்டைச் சுரண்டாமல் பாடியில் எர்த் கொடுத்தால் அங்கே இன்னும் கொஞ்சம் போகும். காலையில் எஞ்சின் முக்கிக்கொண்டு சுற்றும்போது பழி பேட்டரி மேல் விழும்.

இதைவிடப் பெரிய குறை பாதுகாப்பில் இருக்கிறது. பேட்டரி முன்னால் இருந்தவரை ஸ்டார்ட்டர் கேபிள் குட்டையானது. பெரும்பாலான கார்களில் அதற்கு ஃப்யூஸே கிடையாது. இடம் மாறியபின் அதே கேபிள் பின் சீட்டுக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்குக் கீழும் சென்று, தகரத்தில் போட்ட துளை வழியாக எஞ்சினுக்குப் போகிறது. துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் இல்லையென்றால், ஒவ்வொரு குலுக்கலிலும் தகரம் உறையை அறுக்கும். செம்பு பாடியைத் தொட்டுவிட்டால் பாயும் மின்னோட்டம் ஆயிரம் ஆம்பியரையும் தாண்டலாம். ஃப்யூஸ் இல்லாத கேபிள் பழுக்கக் காய்ந்து கார்ப்பெட்டைக் கொளுத்தும்.

பிஎம்டபிள்யூ இதற்காகவே பேட்டரி டெர்மினலில் சிறு வெடிமருந்து வைத்தது. பெரிய மோதலில் அது வெடித்து ஸ்டார்ட்டர் கேபிளைத் துண்டித்துவிடும். அத்தனை கவனமாகச் செய்தவர்களுக்கும் கேபிள் தொல்லை தந்தது. பாசிட்டிவ் கேபிள் ஃப்யூஸ் பெட்டியில் சேரும் இணைப்பு நாளடைவில் கெட்டு, ஓடும்போதே மின்சாரம் அறுந்துபோகலாம் என்பதால், 2013இல் அமெரிக்காவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது.

வாயுவையும் மறக்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது சாதாரண பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் தீப்பிடிக்கும். ஹேட்ச்பேக்கில் டிக்கியும் உட்கார்ந்திருப்பவர்களும் ஒரே காற்றில்தான் இருக்கிறார்கள். மாஸ்டா அடைப்புவகை பேட்டரியை வைத்தும், வாயுவை வெளியேற்றத் தனிக் குழாயும் கொடுத்தது.

அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வும் இந்த மாற்றத்தைக் கட்டுப்பாடுகளோடுதான் அனுமதிக்கிறது. காரின் பின்புறம், வெளியிலிருந்து எட்டும்படி ஒரு மெயின் சுவிட்ச் இருக்க வேண்டும். அதை அணைத்தால் ஓடுகிற எஞ்சினும் நிற்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஆல்டர்னேட்டர் இணைப்பைச் சரியாகப் பிரிக்காவிட்டால், பேட்டரி துண்டிக்கப்பட்ட பிறகும் அது தரும் மின்சாரத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. பின்சக்கர உந்துதலுள்ள பந்தயக் காருக்கும், முன்னால் இடமே இல்லாத காருக்கும் இது தகுந்த மாற்றம். தினசரி ஓட்டும் காருக்கு வேண்டாம். எடையைக் குறைப்பதுதான் நோக்கமென்றால், காரின் தேவையைத் தாங்கக்கூடிய சிறிய, எடை குறைந்த பேட்டரியை இருந்த இடத்திலேயே பொருத்துவது மேல். மாற்றியே தீர வேண்டும் என்பவர்கள், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃப்யூஸ், பாடியோடு போல்ட் போட்ட இரும்புப் பிடி, வெளியே போகும் வாயுக் குழாய், துளைதோறும் ரப்பர் வளையம் ஆகிய நான்கையும் கண்ணால் பார்த்த பிறகே மெக்கானிக்கிடமிருந்து சாவியை வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தக் காரைச் சாலைக்குக் கொண்டுவராதீர்கள்.