அழிக்கப்பட்ட இரண்டு எழுத்துக்கள்

கறுப்பு வெள்ளைப் புகைப்படம் கமராவினால் மட்டும் ஆக்கப்படுவதன்று. அதன் சரிபாதி இருட்டறையிலேயே உருவாகிறது. இவ்வுண்மையை அறியாதார், படத்தைத் திருத்துவதென்றாலே அதனைப் பொய் என்பர். அறிந்தாரிற் சிலரோ, எதனை மாற்றினும் அது கலைஞனின் தனியுரிமை என்று வாதிடுவர். இவ்விரு கூற்றும் ஏற்கத்தக்கனவல்ல என்பதே எமது துணிபு.

பாலைநிலப் படங்களில் இப்பிரச்சினை துலாம்பரமாகத் தெரிகிறது. வெயிலும் நீரும் காற்றும் அரித்தெடுத்த பாறையிலே மடிப்பும் வெடிப்பும் முனை மழுங்கிய வடிவுமே கவனிக்கத்தக்கன. நிறத்தை அகற்றியதும் அவ்வடிவம் முன்னே வருகிறது. சிவப்புக் கண்ணாடியூடாகப் படமெடுத்தால் நீலவானம் கறுத்து, செம்பாறை வெளுத்து எழும். பின்னர் அதனைப் பெருப்பித்து அச்சிடும்போது, ஓரிடத்தில் விழும் ஒளியைக் கையால் மறைத்தால் அவ்விடம் வெளுக்கும்; மேலும் சில விநாடி ஒளியைப் பாய்ச்சினால் கறுக்கும். இவை பொய்யல்ல, கண்டதன் பொருளை விளக்கும் முறைகள். கதாசிரியன் ஒரு நாளின் எண்ணற்ற நிகழ்ச்சிகளிலே சிலவற்றைத் தெரிந்தெடுப்பதும் இத்தகையதே.

இத்துறையில் அமெரிக்கரான அன்ஸல் அடம்ஸ் (1902–1984) பெரும் விற்பன்னர். இளமையிற் பியானோ பயின்ற அவர், நெகட்டிவை இசைக்குறிப்புக்கும், அச்சிட்ட படத்தை அக்குறிப்பை வாசித்துக் காட்டுவதற்கும் ஒப்பிட்டார். நியூ மெக்சிக்கோவின் ஹேர்னாண்டஸ் என்னும் சிற்றூர்மீது நிலவெழுவதை 1941இல் அவர் எடுத்த படம் இதற்குச் சான்று. நெகட்டிவ் ஒன்றே. ஆயினும் ஆரம்பப் பிரதிகளில் மேல்வானத்திலே மேகக் கீற்றுக்கள் உள. பிற்காலப் பிரதிகளிலோ அவ்வானம் ஏறக்குறைய முற்றும் இருண்டு கிடக்கிறது. இதிலே நாம் குறை காணவில்லை.

நாம் குறை காண்பது 1944ஆம் ஆண்டைச் சேர்ந்த வேறொரு படத்தில். கலிபோர்னியாவின் வறண்ட ஓவன்ஸ் பள்ளத்தாக்கில், லோன் பைன் என்னும் ஊரிலிருந்து எடுக்கப்பட்ட மாரிகாலச் சூரியோதயம் அது. மேலே சியரா நெவாடாவின் பனிச் சிகரங்கள் ஒளிர்கின்றன. நடுவே அரிப்புண்ட அலபாமாக் குன்றுகள் கருநிழலாய்க் கிடக்கின்றன. கீழே, ஒளிபட்ட புல்வெளியில் ஒரு குதிரை மேய்கிறது. அக்குன்றுச் சரிவில் ஊர்ப் பாடசாலை மாணவர், தம் ஊர்ப்பெயரின் முதலெழுத்துக்களான ‘எல்’, ‘பி’ இரண்டையும் வெள்ளையடித்துப் பெரிதாகத் தீட்டியிருந்தனர். அடம்ஸ் அவற்றை நெகட்டிவிலிருந்து இயன்றமட்டும் அழித்தார். எஞ்சிய சுவட்டை அச்சுப்படத்திற் சாயந்தொட்டு மறைத்தார். 1983இல் வெளிவந்த தமது நூலில் இதனை அவரே ஒளிக்காது கூறியிருக்கிறார். அந்நேர்மையை நாம் மதிக்கிறோம்.

இரண்டு எழுத்துக்களுக்காக இத்தனை ஆரவாரமா எனச் சிலர் கேட்கலாம். அவை அழகற்றவையாகவே இருந்திருக்கலாம். ஆனால், அது மனிதர் வாழும் நிலம் என்ற செய்தியும் அவற்றோடு அழிந்தது என்பதை மறத்தலாகாது. அப்பள்ளத்தாக்கில் நீர் பாய்ச்சி வாழ்ந்த பையூட் மக்களைப் படையினர் 1863இல் வெளியே ஓட்டிச் சென்றனர். 1913இல் திறக்கப்பட்ட கால்வாய் அதன் ஆற்றுநீரை லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கொண்டு சென்றது. சில ஆண்டுகளில் ஓவன்ஸ் ஏரி வற்றிப் புழுதிவெளியாயிற்று. குன்றின் பெயரிலும் மனிதரின் பூசலே படிந்திருக்கிறது. உள்நாட்டுப் போரின்போது, அடிமைமுறையைக் காக்க நின்ற தென்மாநிலங்களின் ‘அலபாமா’ என்னும் போர்க்கப்பலைப் போற்றியோர் இட்ட பெயர் அது. படம் எடுக்கப்பட்ட அதே காலத்தில், சில மைல் வடக்கே மன்சனார் முகாமிலே, ஜப்பானிய வழித்தோன்றல்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஆயிரக்கணக்கானோர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரசைகள்.

அம்மக்களைப் படமெடுத்து, அவர்களுக்காக வாதாடி 1944இல் நூலொன்றை வெளியிட்டவரும் இதே அடம்ஸ்தான். ஆகவே அவரை மக்கள் விரோதி என்பது அநீதியாகும். ஆயினும் முகாமிலே மனித முகத்தைத் தேடிய அதே கண், குன்றிலே மனிதச் சுவட்டைக் கறையெனக் கண்டது. ‘தூய இயற்கை’ என்னும் கருத்து எத்துணை வலியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. நிலம் ஆளற்றது என்று காட்டப்பட்டுவிட்டால், அங்கிருந்து விரட்டப்பட்டவனும் அங்கே நீரிழந்தவனும் யாரிடம் நியாயம் கேட்பர்?

இன்று இருட்டறையும் வேண்டியதில்லை. கணினித் திரையில் ஒரு விரலசைவிலே மின்கம்பி, பாதை, குடிசை யாவும் மறைந்துவிடும். ஆதலால் இவ்வினா முன்னரிலும் கூர்மையடைந்துள்ளது. படமெடுப்போர் ஒளியையும் நிழலையும் வேண்டியவாறு மாற்றட்டும். பாறையின் வடுவை ஆழப்படுத்தட்டும். ஆனால் ஒன்றை அழிக்குமுன், அதனை அங்கே வைத்தவர் யார், அதை அழிப்பதால் நன்மை அடைபவர் யார் என்று தம்மைத் தாமே கேட்பது அவர்தம் கடமை என்போம்.