இலத்தீன் பெயரின் இரண்டாம் சொல்

மாமரத்தின் தாவரவியல் பெயர் என்னவென்று கேட்டால், 'மாஞ்சிஃபெரா இண்டிகா' என்று மாணவர்கள் தயங்காமல் ஒப்பித்துவிடுவார்கள். அதன் முற்பாதி நம் மாங்காய் என்ற சொல்லே போர்ச்சுகீசியர் வாய்வழி ஐரோப்பா சென்றதென்பதும், 'ஃபெரா' என்றால் 'தாங்குவது' என்பதும் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெரும்பாலான பாடநூல்களும் தோட்டக்கலை நூல்களும் பெயரை அச்சிடுகின்றன, பொருளை விட்டுவிடுகின்றன. தேர்வு முடிந்ததும் பெயர் மறந்துபோவதில் வியப்பில்லை. இலத்தீன் கடினமான மொழி என்று பழி சொல்வது சரியன்று.

1753இல் லின்னேயஸ் வெளியிட்ட நூலுக்குப் பின்னர் இருசொற் பெயரிடு முறை நிலைபெற்றது. அதற்கு முன்பு ஒரு செடியின் பெயர் ஒரு வாக்கிய நீளத்திற்கு இருந்தது. முதற்சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். தோட்டம் வைப்பவருக்குப் பயன் தருவது பெரும்பாலும் இந்த இரண்டாம் சொல்லே. ஆனால் எல்லா இரண்டாம் சொற்களையும் ஒன்றுபோல் நம்பிவிடக் கூடாது.

நம்பத்தக்க ஓர் இணையை முதலில் காண்போம். மடத்துக்குளம் பகுதியில் அமராவதிப் பாசனத்தில் விளையும் கரும்பின் முன்னோர்களில் ஒன்று சக்காரம் அஃபிசினாரம். 'அஃபிசினாரம்' என்றால் 'மருந்துக்கடைகளுக்கு உரியது' என்று பொருள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் சர்க்கரையை மருந்து வணிகரே விற்றனர். அந்த வரலாறு பெயரில் தங்கிவிட்டது. இன்னொரு முன்னோர் ஆற்றங்கரைகளில் வெண்கொண்டையுடன் நிற்கும் பேய்க்கரும்பு. அதன் பெயர் சக்காரம் ஸ்பான்டேனியம், அதாவது 'தானாக வளர்வது'. ஒன்று கடைக்கு வந்த கரும்பு, மற்றது யாரும் நடாமல் முளைப்பது. முன்னதில் இனிப்பு உண்டு, வலிமை இல்லை. பின்னதில் இனிப்பு இல்லை. வறட்சியையும் நீர்த்தேக்கத்தையும் தாங்கும் வலிமை உண்டு. கோவையில் 1912இல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் இவ்விரண்டையும் இணைத்தே கோ 205 என்னும் கலப்பினத்தை உருவாக்கினர். 1918இல் வெளியிடப்பட்ட அது வட இந்தியக் கரும்புச் சாகுபடியையே மாற்றியது. இரு சிற்றினப் பெயர்களின் பொருளை அறிந்த மாணவர், அந்தக் கலப்பு ஏன் தேவைப்பட்டது என்பதைத் தாமே ஊகித்துக்கொள்ள முடியும்.

திருப்பூர் வட்டாரம் பருத்தி நூலால் வாழ்வது. பருத்தியின் பெயர்களையும் பார்க்கலாம். உப்பம் பருத்தி காசிப்பியம் ஹெர்பேசியம், 'பூண்டு போன்றது'. கருங்கண்ணி காசிப்பியம் ஆர்போரியம், 'மரம் போன்றது'. ஆனால் வயலில் இரண்டும் ஆண்டுப் பயிர்களாகவே நிற்கின்றன. கருங்கண்ணி நட்ட உழவர் மரத்தை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார். இன்று மிகுதியாகப் பயிராவது காசிப்பியம் ஹிர்சுட்டம், 'உரோமம் உடையது'. இது பயனுள்ள பெயர். இலையில் உரோமம் அடர்ந்திருந்தால் தத்துப்பூச்சியின் தொல்லை குறைகிறது. வெள்ளை ஈக்கோ அதே உரோமம் பிடித்தமான இடமாகிவிடுகிறது. இச்சிற்றினத்திலேயே உரோமம் குறைந்த இரகங்களும் உண்டு என்பதால், பெயரைப் படித்தபின் இலையையும் தடவிப் பார்க்க வேண்டும்.

இடப்பெயர்களில்தான் பெருங்குழப்பம். புளியமரம் டாமரிண்டஸ் இண்டிகா. முதற்சொல் 'இந்தியப் பேரீச்சை' என்னும் அரபுத் தொடரிலிருந்து வந்தது, இரண்டாவது 'இந்தியாவுக்குரியது'. இரு சொற்களும் இந்தியா என்று சாதிக்கின்றன. மரத்தின் தாயகமோ ஆப்பிரிக்கா. கல்வாழை கன்னா இண்டிகா ஆகும். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. நீளிழைப் பருத்தியான காசிப்பியம் பார்படென்ஸ் 'பார்படோஸ் தீவினது' என்று பெயர் பெற்றிருப்பினும் தென் அமெரிக்காவில் தோன்றியது. 1974இல் கோவையில் வெளியிடப்பட்ட சுவின் இரகம் இந்தச் சிற்றினமே. இதற்காக லின்னேயஸைக் குறை சொல்லுமுன் நாமும் சற்று யோசிக்க வேண்டும். நாம் கம்போடியாப் பருத்தி என்றழைத்தது அமெரிக்கச் சிற்றினமாகிய ஹிர்சுட்டமே. கடல் கடந்து வந்தவற்றுக்கெல்லாம் 'சீமை' என்று ஒட்டுப்போட்டவர்களும் நாமே அல்லவா? இண்டிகா என்பது ஐரோப்பியரின் 'சீமை' எனக் கொள்க.

வடிவத்தைக் கூறும் சொற்களும் சில வேளைகளில் கைவிடும். வேலிக்கு வைக்கும் துரந்தாவுக்கு 'எரெக்டா', 'ரெபென்ஸ்' என இரு பெயர்கள் வழங்கிவந்தன. முன்னது 'நிமிர்ந்தது', பின்னது 'படர்வது'. செடி ஒன்றே! எரெக்டா என்பதையே இப்போது ஏற்றுள்ளனர். நித்தியகல்யாணியின் வெள்ளைப்பூச் செடியும் கேத்தராந்தஸ் ரோசியஸ்தான். ரோசியஸ் என்றால் ரோஜா நிறம். முன்பு அதற்கு விங்கா ரோசியா என்று பெயர். அந்தப் பழைய பெயர் செடியைவிட்டு நீங்கினாலும், அதிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகளின் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதுவரை கூறியவற்றில் பிழை நேர்ந்தால் தோட்டத்தில் ஓர் இடம் வீணாகும், அவ்வளவே. கீழாநெல்லியில் அப்படியன்று. மஞ்சள் காமாலைக்கு அரைத்துக் குடிக்கும் செடி அது. பழைய நூல்கள் பலவும் இதைப் பில்லாந்தஸ் நிரூரி என்றே குறித்தன. 1985இல் வெளியான ஒரு மீளாய்வு, இந்தியாவில் அப்பெயரால் வழங்கியவை உண்மையில் மூன்று தனிச் சிற்றினங்கள் எனக் காட்டியது: அமாரஸ், ஃபிராட்டெர்னஸ், டெபிலிஸ். மெய்யான நிரூரி அமெரிக்கச் செடி. அமாரஸ் என்றால் கசப்பானது, டெபிலிஸ் என்றால் மெலிந்தது. ஃபிராட்டெர்னஸ் என்பதோ 'உடன்பிறப்புப் போன்றது'. 'இதுவும் அதுபோல் இருக்கும்' என்ற எச்சரிக்கைக்கு மேல் அது ஒன்றும் தெரிவிப்பதில்லை. போதாததற்கு சிவப்புக் கீழாநெல்லி என்னும் பில்லாந்தஸ் யூரினாரியாவும் உண்டு. அதன் காய் சொரசொரப்பாக, காம்பு இல்லாததுபோல் தண்டோடு ஒட்டியிருக்கும். அமாரஸின் காய் வழவழப்பாக, மெல்லிய காம்புடன் தொங்கும். 'நிரூரியில் ஆய்வு செய்தோம்' என்று மட்டும் கூறும் பழைய கட்டுரை ஒன்றைப் படித்தால், எந்தச் செடியைச் சோதித்தார்கள் என்று எப்படி அறிவது? அதை நம்பி வரப்பில் பறிப்பவர் எதைப் பறிப்பார்? காமாலைக்குக் காரணங்கள் பல என்பதால் மருத்துவரைப் பார்க்காமல் எந்தச் சாற்றையும் நம்பியிருக்கலாகாது என்பது வேறு செய்தி.

தமிழ்ப் பெயர்கள் இதில் சளைத்தவையல்ல. இலைக்காம்பின் கீழ் காய் தொங்குவதைக் 'கீழாநெல்லி' ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. 'இலைப்பூ' என்று பொருள்படும் பில்லாந்தஸ் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. மைமோசா பூடிகாவின் 'நாணமுள்ளது' என்ற பொருளைத் 'தொட்டாற்சிணுங்கி' இன்னும் அழகாகக் கூறுகிறது. ஆனால் உடன்பிறப்புகளைப் பிரித்துச் சொல்லும் வேலையை நம் சொற்கள் எப்போதும் செய்வதில்லை. அதற்கு இலத்தீன் வேண்டும்.

பள்ளித் தோட்டங்களில் பெயர்ப்பலகை வைப்போர் இரண்டு வரிகளோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவதாக இரண்டாம் சொல்லின் பொருளையும் எழுதினால் பெயின்ட் செலவு ஒன்றும் கூடிவிடாது. புளியமரத்துப் பலகைக்கு மட்டும், தாயகம் ஆப்பிரிக்கா என்று நான்காவது வரி ஒன்று தேவைப்படும்.